பழைய மோட்டார் வண்டிகளுக்குத் தட்டு பிரேக் பொருத்துதல்

இமயமலைச் சாரலில் அமைந்த முசூரி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் அடிவாரத்திலுள்ள டேராடூனின் உயரம் சுமார் 640 மீட்டர். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் மலைப்பாதையில் 1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு மோட்டார் வண்டி கீழ்நோக்கி இறங்குவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்கும் அவ்வண்டி தன்னகத்தே கொண்டிருந்த நிலைச் சக்தியில் 1 கோடியே 50 லட்சம் ஜூல் அளவை இழந்தாக வேண்டும். அச்சக்தி அழிந்துவிடுவதில்லை, வேறு உருவம் பெறுகிறது. ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பும், இன்னொரு பங்கை, வண்டியைக் கீழ்க் கியரில் இறக்கினால், எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக வெளிப்படும். முழுச் சக்தியும் வெப்பமானால் 25 டிகிரி சென்டிகிரேடில் உள்ள 48 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மூன்று குடம் நீரைக் கொதிக்கச் செய்யும் அடுப்பு வண்டியின் நான்கு சக்கரங்களினுள்ளும் மூட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், பிரேக் என்னும் கருவியின் பணி இன்னதென விளங்கும்.

பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பொறியியலார் நோக்கில் அது இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றில் கலக்கவிடும் கருவியாகும். இதில் முதற்பகுதி எளிது. இரண்டாம் பகுதி அவ்வளவு எளிதன்று. முரசு பிரேக்குக்கும் தட்டு பிரேக்குக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியிலேயே அடங்கியுள்ளது.

கலைச்சொற்களைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று கூறிவிட்டு மேலே செல்வோம். டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் என்பன தொழிற்கூடங்களில் வழங்கும் பெயர்கள். டிரம் என்பதை முரசு என்றும், டிஸ்க் என்பதைத் தட்டு என்றும் இக்கட்டுரையில் எழுதுகிறோம். உருவம் பற்றி வந்த பெயர்களாதலால் இவை பொருத்தமானவையே. ஆனால் ஷூ, லைனிங், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், பேட் முதலிய சொற்களை மாற்ற முற்படவில்லை. உதிரிப்பாகக் கடையில் சென்று கேட்கும்போது கடைக்காரருக்கு விளங்கும் சொல்லே நல்ல கலைச்சொல் என்பது எமது எண்ணம்.

நம் நாட்டில் பழைய மோட்டார் வண்டி என்றவுடன் பலர் நினைவுக்கும் வருவது அம்பாசடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-ல்தான் நின்றது. இதே காலத்தில் பம்பாயில் உருவான பியட் 1100 வண்டியும், பின்னர் அதுவே பெயர் மாறி வந்த பிரீமியர் பத்மினியும் நாடெங்கும் ஓடின. இவ்வண்டிகளின் தொடக்க கால வகைகள் யாவும் நான்கு சக்கரங்களிலும் முரசு பிரேக் கொண்டவை. அக்காலச் சாலைகளுக்கும் அக்கால வேகத்துக்கும் அவை போதுமானவையாகவே இருந்தன. இன்று அவ்வண்டிகளைப் பேணி வருவோர் அவற்றை நான்கு வழி, ஆறு வழி நெடுஞ்சாலைகளில் ஓட்டுகின்றனர். முன்னே செல்லும் புதிய வண்டியோ சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்புடன் சட்டென்று நிற்கும். பின்னே வரும் பழைய வண்டி அதே தூரத்தில் நின்றாக வேண்டும். ஆகவே முன்சக்கரங்களுக்கேனும் தட்டு பிரேக் பொருத்திவிடலாமா என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவது இயல்பே.

முதலில் முரசு பிரேக்கின் அமைப்பைக் காண்போம். சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு முரசினுள், பிறை வடிவமுள்ள இரண்டு ஷூக்கள் அசையாத தகட்டின்மீது பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் வெளிப்புறத்தில் லைனிங் ஒட்டப்பட்டோ ஆணியடிக்கப்பட்டோ இருக்கும். ஓட்டுபவர் மிதிகட்டையை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்கள் வழியே சக்கர சிலிண்டரை அடைந்து, ஷூக்களை வெளிநோக்கித் தள்ளுகிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதற்கு அடிப்படை. இத்தகைய திரவ பிரேக்கை நான்கு சக்கரங்களுக்கும் அமைத்து 1921-ல் வெளியிட்ட பெருமை அமெரிக்காவின் டியூசன்பர்க் நிறுவனத்துக்கு உரியது.

முரசு பிரேக்கில் ஒரு நயமான இயல்பு உண்டு. முரசு சுழலும் திசையிலேயே திறந்துகொள்ளும் ஷூவை, உராய்வு விசை மேலும் இறுக்கமாக முரசினுள் இழுத்துக்கொள்கிறது. இதனை முந்து ஷூ எனலாம். எதிர்த்திசையில் திறக்கும் பிந்து ஷூவை உராய்வு விசை அப்பால் தள்ள முயல்கிறது. முந்து ஷூ தானே தனக்கு உதவி செய்துகொள்வதால் ஓட்டுபவரின் கால் குறைந்த விசை செலுத்தினால் போதும். முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களையும் முந்து ஷூக்களாகவே அமைக்கும் முறை 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரிதும் வழங்கியது. அவ்வண்டிகள் முன்னோக்கிச் செல்கையில் நன்கு நிற்கும். மேட்டில் பின்னோக்கி உருளும்போது அதே இரண்டு ஷூக்களும் பிந்து ஷூக்களாகிவிடுவதால் வலுவிழக்கும். கல்கத்தாவின் பழைய வாடகை வண்டியோட்டிகள் பாலத்தின் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கை பிரேக்கையும் சேர்த்து இழுப்பதில் காரணம் உண்டு.

இந்தத் தன்னுதவியே முரசு பிரேக்கின் பலவீனமும் ஆகும். உராய்வு சிறிது கூடினால் தடை விசை அதைவிட அதிகமாகக் கூடும். சிறிது குறைந்தால் அதைவிட அதிகமாகக் குறையும். மழை நீரில் ஒரு பக்கத்து லைனிங் மட்டும் நனைந்துவிட்டால், இடமும் வலமும் சமனற்றுப் போய் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். தட்டு பிரேக்கில் தடை விசையானது உராய்வுக்கு நேர் விகிதத்தில் மாறுகிறது, பெருகுவதுமில்லை, சுருங்குவதுமில்லை.

வெப்பத்தின் விளைவு இன்னும் முக்கியமானது. முரசு சூடேறும்போது விரிவடைகிறது. விரிவது வெளிநோக்கி, அதாவது ஷூக்களை விட்டு விலகும் திசையில். ஷூக்கள் இன்னும் சற்றுத் தொலைவு நகர்ந்தே அதைத் தொட வேண்டியிருப்பதால் மிதிகட்டை ஆழமாக இறங்குகிறது. அதே சமயம் லைனிங்கும் சூடேறி, அதிலுள்ள பிசின் வகைப் பொருள்கள் ஆவியாகி, உராய்வு குன்றுகிறது. வெப்பம் வெளியேற வேண்டுமானால் முரசின் உலோகத்தை ஊடுருவி வெளிப்பரப்பை அடைந்து, சக்கரத்தின் உட்புறத்திலுள்ள அசைவற்ற காற்றில் கலக்க வேண்டும். மலையிறக்கத்தில் மிதிகட்டை சிறுகச் சிறுகக் கீழே போய், எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிபடாத நிலை வருவது இதனால்தான். தொழிற்கூடத்தார் இதனைப் பிரேக் காய்ந்துவிட்டது என்பர்.

தட்டு பிரேக்கில் இந்நிலைமை தலைகீழ். சக்கரத்துடன் சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்றை இருபுறமும் பேடுகள் பற்றுகின்றன. அப்பேடுகளைத் தாங்கி அழுத்தும் கருவியே காலிப்பர். தட்டு சூடேறித் தடித்தால் அது பேடுகளை நோக்கியே விரிகிறது, மிதிகட்டை தாழ்வதில்லை. தட்டின் பெரும்பகுதி வெளிக்காற்றில் சுழல்வதால் வெப்பம் விரைவில் நீங்குகிறது. நீர் பட்டாலும் சுழற்சியினால் சிதறிவிடுகிறது. எஞ்சியதைப் பேடுகள் துடைத்துவிடுகின்றன. தூசியும் தேய்மானப் பொடியும் உள்ளே தங்குவதில்லை.

இவ்வளவு எளிய கருவி ஏன் பிந்தி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மையில் அது பிந்தித் தோன்றவில்லை. பிரெடரிக் லாங்கெஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியியலார் பர்மிங்காமில் தட்டு பிரேக்குக்கு உரிமைப் பதிவு பெற்றது 1902-ல். லூயி ரெனோ பிரான்சில் முரசு பிரேக்கை உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். அக்காலத்தில் தகுந்த உராய்வுப் பொருள் கிடைக்கவில்லை. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பெருங்கூச்சல் எழுந்தது. புழுதிச் சாலைகளில் தேய்மானம் மிகுந்தது. மூடிய முரசு புழுதியிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டது. எனவே அது வென்றது. தட்டு பிரேக்கு மீண்டும் தலையெடுத்தது விமானங்களில். அங்கிருந்து டன்லப் நிறுவனத்தார் அதனைப் பந்தய வண்டிக்குக் கொணர்ந்தனர். 1952-ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஜாகுவார் சி வகை வண்டியில் அது சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அதே வகை வண்டியை டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டி, மணிக்குச் சராசரி 170 கிலோமீட்டர் வேகத்தில் வென்றனர். நேர்பாதையின் முடிவிலுள்ள வளைவில் மற்ற வண்டிகள் முன்கூட்டியே வேகத்தைத் தணிக்க, ஜாகுவார் வெகுதூரம் உள்ளே சென்று பிரேக் பிடித்தது. மணிக்கணக்கில் அவ்வாறு செய்தும் அதன் பிரேக் காயவில்லை. 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். வண்டியும், 1956-ல் டிரையம்ப் டி.ஆர்.3 வண்டியும் முன்சக்கரத் தட்டு பிரேக்குடன் விற்பனைக்கு வந்தன.

இனி, பொருத்தினால் என்ன கிடைக்கும் என்பதை அளந்து பார்ப்போம். இங்கே பரவலான ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டியுள்ளது. தட்டு பிரேக் வைத்தால் வண்டி பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று எண்ணுவோர் உளர். வண்டியை இறுதியாக நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள பற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உராய்வெண் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய 36 மீட்டர் தேவை. மழையில் உராய்வெண் 0.4 ஆகக் குறைந்தால் 63 மீட்டர். இது வண்டியின் எடையைப் பொறுத்ததும் அன்று, பிரேக்கின் வகையைப் பொறுத்ததும் அன்று. இதற்கு முன்னதாக, ஆபத்தைக் கண்டு கால் மிதிகட்டைக்குச் செல்லும் ஒரு விநாடியிலேயே வண்டி 22 மீட்டர் ஓடிவிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளுமளவுக்கு வலுவுள்ள நல்ல முரசு பிரேக்கு, ஒரே ஒரு முறை நிற்பதில் தட்டு பிரேக்குக்கு அதிகம் இளைத்ததன்று. தட்டு பிரேக்கின் சிறப்பு இரண்டாம் முறையிலும், பத்தாம் முறையிலும், மழையிலும், மலையிலும் வெளிப்படுவது. 80 கிலோமீட்டர் வேகத்திலுள்ள 1,200 கிலோகிராம் வண்டியின் இயக்கச் சக்தி சுமார் 2 லட்சத்து 96 ஆயிரம் ஜூல். முசூரி இறக்கத்தின் சக்தி இதுபோல் ஐம்பது மடங்கு. நகரத்துள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டப்படும் வண்டிக்கு இம்மாற்றம் அவசியமன்று என்றே கூறுவோம்; தேய்ந்த டயரை மாற்றி, முரசைக் கடைந்து, புதிய லைனிங் இட்டு, ஷூ இடைவெளியைச் சரி செய்தாலே அவ்வண்டி நன்கு நிற்கும். நெடுஞ்சாலைக்கும் மலைக்கும் செல்லும் வண்டிக்கே இம்மாற்றம் பயன் தரும்.

ஏன் முன்சக்கரங்களுக்கு மட்டும் என்பதற்கும் விடை கூற வேண்டும். வண்டி நிற்கும்போது அதன் எடை முன்னோக்கிச் சாய்கிறது. இரு அச்சுக்களின் இடைவெளி 2.46 மீட்டர், எடைமையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர் என்று கொண்டால், 0.7 அளவில் கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் சுமார் 188 கிலோகிராம் எடை பின்னிருந்து முன்னுக்கு மாறுகிறது. சமமாக 600, 600 என்றிருந்தது, முன்னே 788, பின்னே 412 என்றாகிறது. மூன்றில் இரண்டு பங்கு வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்சக்கரத்து முரசுகளை அப்படியே விடுவதில் இன்னொரு நன்மை, கை பிரேக்கு மாற்றமின்றி இருப்பது. நின்ற வண்டியை அசையாமல் பிடித்துவைப்பதில் தன்னுதவியுள்ள முரசு பிரேக்கே சிறந்தது.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி, அதே குடும்பத்து வண்டிக்கு ஆலையில் செய்த பாகங்களை நாடுவது. அம்பாசடரின் பிற்கால வகைகள் சிலவற்றுக்கு முன்சக்கரத் தட்டு பிரேக் ஆலையிலேயே அமைக்கப்பட்டது. அவ்வகையின் ஸ்டப் ஆக்ஸில், ஹப், தட்டு, காலிப்பர் ஆகியவற்றை ஒரு தொகுதியாகப் பெற முடிந்தால் பாதி வேலை முடிந்தது போல்தான். பாகத்துக்குப் பாகம் வேறுவேறு வண்டிகளிலிருந்து எடுத்து இணைப்பது இரண்டாம் வழி. அவ்வாறு இணைப்போர் காலிப்பரைத் தாங்கும் பட்டையைத் தாமே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். இங்கேதான் பெரும் ஆபத்து உள்ளது. மேற்கண்ட கணக்கின்படி ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் சாலையில் 276 கிலோகிராம் அளவு தடை விசை தேவை. டயரின் ஆரம் 31 சென்டிமீட்டர். பேடுகள் பற்றுமிடத்தின் ஆரம் 10.5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஆகவே காலிப்பரை இழுத்துச் செல்ல முயலும் விசை ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 800 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்கு ஒப்பாகும். இதனை மெல்லிய தகட்டில் பற்றவைத்த துண்டும், சாதாரண இரும்பு போல்ட்டும் தாங்கமாட்டா. பட்டை ஒரே கனத்த எஃகுத் தகட்டில் வெட்டப்பட்டதாகவும், போல்ட்டுகள் 8.8 அல்லது 10.9 என்று தலையில் பொறிக்கப்பட்ட உயர்வலு வகையாகவும் இருத்தல் வேண்டும். சாலையோரப் பட்டறையில் பற்றவைத்த பட்டையை ஒரு தகுதி பெற்ற பொறியியலார் பார்வையிடாமல் ஏற்கலாகாது. பணச் சிக்கனம் பார்க்க வேறு இடங்கள் உள்ளன.

சக்கரத்தின் உள்ளிடம் போதுமா என்பதை முன்னரே அளந்துகொள்ள வேண்டும். அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரத்தில் இடம் உண்டு. அதனினும் சிறிய சக்கரமுள்ள வண்டிகளில் காலிப்பர் முட்டக்கூடும். புதிய ஹப் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் ஸ்டீயரிங் கனக்கும். முழுவதும் திருப்புகையில் டயர் மட்கார்டில் உரசும். தட்டைப் பொருத்தியபின் அதன் ஆட்டத்தை டயல் அளவியால் பார்த்தல் அவசியம், 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் மிதிகட்டையில் துடிப்பு தெரியும். பெரும்பாலும் குற்றம் தட்டில் இராது. ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருவில் இருக்கும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே. முரசு பிரேக்குக்கான சிலிண்டர்கள் பலவற்றில், மிதிகட்டையை விட்ட பின்னும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு உண்டு. சக்கர சிலிண்டரின் ரப்பர் உதடு இறுகியிருப்பதற்கும், காற்று உள்ளே நுழையாமைக்கும் அது தேவை. ஷூக்களை வலிய ஸ்பிரிங்குகள் பின்னிழுப்பதால் அவ்வழுத்தத்தால் தீமையில்லை. தட்டு பிரேக்கில் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சூழ்ந்த சதுர ரப்பர் வளையம் முறுக்கு விடுவதால் மட்டும் பேடு மயிரிழை அளவு பின்வாங்குகிறது. அந்த வால்வு இருந்தால் பேடுகள் ஓயாமல் உரசி, சில கிலோமீட்டரில் தட்டு காய்ந்து சிவக்கும். ஆகவே முன்சக்கரக் குழாயில் அதனை நீக்கிவிட வேண்டும். மாரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக உள்ளது. அவற்றில் திரவம் தானே பின்னோக்கி வடிந்து, முதல் மிதி வெறுமையாகப் போகும். அத்தகைய வண்டிக்கு மிகச் சிறிய அழுத்தம் மட்டும் நிறுத்தும் வேறொரு வால்வு இடுவது வழக்கம்.

சிலிண்டரின் விட்டமும் கணக்கிடற்குரியது. காலிப்பரின் பிஸ்டன் பெரிது. அதை நகர்த்த அதிகத் திரவம் வேண்டும். பழைய 19 மில்லிமீட்டர் சிலிண்டரே இருந்தால் மிதிகட்டை நெடுந்தூரம் இறங்கலாம். அதற்காக 22 மில்லிமீட்டர் சிலிண்டர் இட்டால் மிதிகட்டை கெட்டியாகும். ஆயின் பரப்பு 1.34 மடங்காவதால், அதே கால்விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் நூற்றுக்கு 25 பங்கு குறையும். தட்டு பிரேக்கிலோ தன்னுதவி கிடையாது. மிதிகட்டை கல் போல் இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்று மாற்றியவர் புலம்புவதன் காரணம் இவ்விரண்டும் சேர்ந்ததே.

இதற்குப் பரிகாரம் வெற்றிட உதவிக் கருவி. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோகிராம் குறைவான அழுத்தம், எஞ்சின் மெல்ல ஓடுகையில் உண்டாகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சவ்வின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதன் ஒருபுறம் இவ்வெற்றிடமும் மறுபுறம் வெளிக்காற்றும் இருந்தால் 190 கிலோகிராமுக்கு ஒப்பான விசை ஓட்டுபவருக்குத் துணை வருகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் இத்துணையும் சில மிதிகளில் தீர்ந்துபோகும் என்பதை மறக்கலாகாது. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தி உருட்டும் பழக்கமுள்ளவர்கள் அதை அடியோடு விட்டாக வேண்டும். டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளில் இவ்வெற்றிடம் கிடைக்காதாகையால் தனி வெற்றிடப் பம்பு தேவை.

மாஸ்டர் சிலிண்டரை எப்படியும் மாற்றுவதாயின், இரு அறை கொண்ட வகையைப் பொருத்துமாறு வற்புறுத்துவோம். பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின. இரு அறை முறையில் முன்னது போனால் பின்னது எஞ்சும். எமது கருத்தில், தட்டு பிரேக்கு தரும் நன்மைக்கு இம்மாற்றம் தரும் நன்மை எவ்வகையிலும் குறைந்ததன்று. பழைய ரப்பர்க் குழாய்கள், உட்புறம் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள் ஆகியவற்றையும் இத்தருணத்திலேயே களைந்துவிட வேண்டும்.

பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தைச் சரிப்படுத்தும் வால்வு ஒன்றும் தேவைப்படலாம். பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம் போல் சுழலும். முன்சக்கரங்கள் முந்திப் பூட்டினால் வண்டி நேரே சறுக்கும். அதுவும் தீதே, ஆயினும் ஓட்டுபவர் காலைத் தளர்த்தி மீள இயலும். ஆதலின் எந்நிலையிலும் முன்சக்கரங்களே முதலில் பூட்டுமாறு அமைக்க வேண்டும்.

பிரேக் திரவத்தைப் பற்றிச் சில சொற்கள். கிளைக்கால் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையலாகாது. ஈரம் ஏறியபின் 140 டிகிரிக்குக் குறையலாகாது. டாட் 4 தரத்தில் இவை 230, 155 டிகிரி. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், மிதிகட்டை தரையைத் தொடும், சக்கரத்தில் ஒன்றும் நிகழாது. ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் திரவத்தை மாற்றுவது நலம். எஞ்சின் எண்ணெய் முதலிய கனிம எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெடும்.

குழாய்களிலிருந்து காற்றை நீக்கும்போது ஒரு விந்தையான கோளாறு நேர்வதுண்டு. எத்தனை முறை காற்று எடுத்தாலும் மிதிகட்டை பஞ்சு போலவே இருக்கும். பெரும்பாலும், இடப்பக்கக் காலிப்பர் வலத்திலும் வலப்பக்கக் காலிப்பர் இடத்திலும் மாட்டப்பட்டிருக்கும். காற்று எடுக்கும் திருகு அப்போது கீழ்ப்பக்கம் அமைந்துவிடும். காற்றோ மேலே தங்கும். திருகு உச்சியில் இருக்குமாறு இடம் மாற்றினால் நொடியில் குறை தீரும்.

பழைய முரசைக் கழற்றுவோர் தம் உடல்நலத்தையும் கருத வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரேக் லைனிங்குகள் கல்நார் கலந்து செய்யப்பட்டன. முரசினுள் படிந்த சாம்பல் நிறப் பொடியில் அதன் நுண்ணிழைகள் உண்டு. மூச்சுடன் உட்சென்ற இழைகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை விளைவிக்க வல்லன. அழுத்தக்காற்றால் முரசை ஊதித் துடைப்பது நம் பட்டறைகளில் கண்கூடு. அது மிகத் தீய பழக்கம். பொடியை நீரால் நன்கு நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கைக்குட்டையை முகத்தில் கட்டுவது பாதுகாப்பாகாது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். இதனைப் படிக்கும் வண்டி உரிமையாளர்கள், பட்டறைச் சிறுவர்களை இவ்வேலைக்கு ஏவாதிருக்க வேண்டுகிறோம்.

சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பிரேக் மாற்றம் அதில் அடங்குமா என்பதை வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தலும் பின்வரும் தொல்லைகளைத் தவிர்க்கும். தவிரவும், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்யும் விதிகளை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. வி, ஏ என்னும் எழுத்துக்களைத் தாங்கிய பதிவெண் அவ்வண்டிகளுக்கு உண்டு. மூல அமைப்பில் பேணப்பட்டிருத்தல் அவ்விதிகளின் நிபந்தனை. அப்பதிவை நாடுவோர் பழமையைக் காப்பதா, வசதியைப் பெறுவதா என்று முன்னரே முடிவு செய்துகொள்வது நன்று.

பொருத்திய பின் முதல் ஓட்டத்தை ஆளரவமற்ற திடலில் நடத்த வேண்டும். முதலில் நடை வேகத்தில் மிதித்து, கசிவு உண்டா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு மிதமாகத் தணித்து, ஆற விட்டு, இவ்வாறு பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் பேடும் தட்டும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளும். சூடான நிலையில் மிதிகட்டையை அழுத்தியபடி வண்டியை நிறுத்திவைத்தால் பேடின் சாயல் தட்டில் ஒட்டிவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் முறுக்கு அளவியால் மீண்டும் சோதித்து, திரவ மட்டத்தைப் பார்க்க வேண்டும். கழற்றிய முரசுகளையும், ஹப்புகளையும், தகடுகளையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல், கிரீஸ் தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி, எந்தப் பக்கத்துக்குரியது என்று சீட்டு எழுதிக் கட்டி வைக்க வேண்டும். வண்டியை மூல நிலைக்குத் திருப்ப விரும்பும் அடுத்த உரிமையாளருக்கு அவை வேறெங்கும் கிடைக்கமாட்டா.